திரையில் படுத்திருந்த சிலிண்டர்

இரண்டு வருடங்களுக்கு முன், பொள்ளாச்சி பக்கத்தில் ஒரு தென்னைநார் மில்லில் நடந்தது இது. சிங்காநல்லூரில் ஹைட்ராலிக் பிரஸ் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நார்த்தூளை அழுத்திக் கட்டியாக்கும் அந்த பிரஸ்ஸின் எண்ணெய்ச் சுற்று, நான் தனியாக வடிவமைத்த முதல் வேலை.

எல்லாம் சிமுலேஷன் மென்பொருளில்தான். பம்ப், வால்வு, சிலிண்டர் மூன்றையும் திரையில் இணைத்து ஓடவிட்டால், அழுத்தம் இருக்கும் குழாய் சிவப்பாகும், எண்ணெய் திரும்பும் குழாய் நீலமாகும். பதினான்கு சோதனைகளைப் பட்டியலிட்டு, பதினான்கிலும் டிக் போட்டேன். கம்பெனியில் ஓட்டியபோதும் குறையில்லை. மேலிருந்து இறங்கி அழுத்தும் கனத்த இரும்புப் பலகையை மட்டும் மில்லில் கொண்டுபோய்ப் பொருத்தினோம்.

மிஷினை ஓட்டப்போகிறவர் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஓர் அக்கா. கை நிறையக் கலகலக்கும் கண்ணாடி வளையல். "ஏனுங்க மேடம், உங்க கம்ப்யூட்டர்ல ஓடுனது இதேதானுங்களா? அதுல தூசியே இருக்காதுங்களே!" என்று வந்ததுமே சீண்டினார்.

பலகையை மேலே ஏற்றி நிறுத்தினேன். பட்டியலில் அடுத்தது, பலகைக்குக் கீழே நார்த்தூளைக் கொட்டும் அச்சைத் துடைப்பது. கையை உள்ளே விட்டுத்தான் துடைக்க வேண்டும்.

"அக்கா, அச்சைத் துடைச்சிடுங்க."

"இருங்க மேடம். மொதல்ல எலுமிச்சம்பழம். அப்புறம்தான் தொடைக்கறது, ஓட்டறதெல்லாம்."

புது பிரஸ் என்றால் முதல் அழுத்து எலுமிச்சைக்குத்தான். எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கோ நேரமாகிறதே என்று எரிச்சல். குங்குமம் தடவிய பழத்தை அச்சின் நடுவில் வைத்துவிட்டு, சூடம் எடுக்க அவர் திரும்பினார்.

கரண்ட் போனது.

மோட்டார் சத்தம் நின்ற அந்த அமைதியில் பலகை தானாக இறங்கியது. மூன்றே நொடி. பழம் நசுங்கிச் சாறு வழிந்தது.

"சாமியே எடுத்துக்கிச்சுங்க! நல்ல சகுனம்" என்று மில் முதலாளி கும்பிட்டார். சுற்றி நின்றவர்களும் கும்பிட்டார்கள். நான் அக்காவின் வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன செய்திருக்கிறேன் என்று உடனே புரிந்தது. திரையில் சிலிண்டர் படுத்திருந்தது. இங்கே அது நின்றுகொண்டிருக்கிறது, தலைகீழாக, பலகையின் எடையைத் தாங்கிக்கொண்டு. அந்த எடையை நான் மென்பொருளில் போடவே இல்லை. மின்சாரம் நின்றால் எண்ணெயைப் பூட்டிப் பிடிக்கும் வால்வையும் வைக்கவில்லை. என் பதினான்கில் ஒன்றுகூட கரண்ட் போவதைப் பற்றியது அல்ல.

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது சகுனமாகவே போயிருக்கும். ஒரு கணம் அப்படியும் தோன்றியது; ஆனால் மறைக்க விரும்பவில்லை.

"சகுனம் இல்லீங்க. என் தப்புங்க. அக்கா கை உள்ள இருந்திருக்கும். நான்தான் துடைக்கச் சொன்னேன்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முதலாளியின் முகம் மாறியது. அவர் பேசுவதற்குள் அக்கா வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்கண்ணு அழுவற? இந்தா, ரெண்டு கையும் இருக்குது பாரு. போயி சரிபண்ணிப்போட்டு வா. நீ சொன்னாத்தான் நான் கைய வெப்பேன்."

'மேடம்' அந்த நிமிடம் 'கண்ணு' ஆனது.

அடுத்த வாரம், மென்பொருளில் எடையைப் போட்டு, பூட்டும் வால்வையும் சேர்த்து, ஓட்டத்தின் நடுவே மின்சாரத்தை நிறுத்தி, பலமுறை சோதித்த சுற்றோடு போனேன். பலகைக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்து, எலுமிச்சையை நானே வைத்தேன். கட்டையைக் கம்பியால் தள்ளி எடுத்துவிட்டு மெயினை அணைத்தேன். கால் மணி நேரம் எல்லோரும் பழத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். பலகை அசையவில்லை.

"ஏனுங்க, பழம் நசுங்கவே மாட்டீங்குதே, சாமிக்குக் கோவமுங்களா?" என்று அக்கா கேட்க, முதலாளியே சிரித்துவிட்டார். பிறகு அக்கா அதே பழத்தைக் கழுவி, பிழிந்து, உப்புப் போட்டு எனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போதெல்லாம் என் பட்டியலில் முதல் வரி அழுத்தம் பற்றியது அல்ல; 'இங்கே யாருடைய கை இருக்கும்?' என்பதுதான். அதை எழுதும்போதெல்லாம் அந்த வளையல்களின் சத்தம் எனக்குக் கேட்கிறது.