கெமிஸ்ட்ரிக்கு மார்க் போட்ட ஹிஸ்டரி சார்

எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஒரு வருடம் ஒரு யோசனை வந்தது. அந்தந்தத் துறை ஆசிரியர்களே தங்கள் மாணவர்களுக்கு இன்டர்னல் மார்க் போட்டால் பாசத்தில் அள்ளிப் போட்டுவிடுகிறார்களாம். அதனால் வாய்மொழித் தேர்வை மட்டும் வேறு துறைக்காரர் நடத்த வேண்டும். கணக்குக்குத் தமிழ், பொருளாதாரத்துக்குத் தாவரவியல், கெமிஸ்ட்ரி கடைசி வருடத்தில் இருந்த எங்களுக்கு ஹிஸ்டரி சார். பாசம் போனது. கூடவே பாடமும் போனது.

எனக்கு இது விளையாட்டில்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்கு லோடு ஏற்றும் அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஃபஸ்ட் கிளாஸ் வாங்குனா மேல படிக்கத் திருச்சிக்குப் போ. இல்லன்னா மாப்ள பாத்துருவேன்." எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இன்றும் குறையவில்லை. மற்ற மார்க்கையெல்லாம் கூட்டிப் பார்த்தால் முதல் வகுப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இந்த வாய்மொழித் தேர்வு கவிழ்த்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாருக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரி, கல்லூரி வாசலில் போகும் லாரிகளில் இருந்தது. எல்லாரிடமும் ஒரே கேள்வி: "சுண்ணாம்புக்கல்லச் சுட்டா என்னாகும்?" கேட்டுவிட்டுக் கச்சேரி கேட்பவர்போலக் கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு முன்னால் போன என் தோழி, ஆக்சிஜன் வெளியேறும் என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் இங்கிலீஷில் கொட்டினாள். அதில் பாதி போன செமஸ்டர் பாடம். சார் தலையாட்டி ரசித்து முழு மார்க் போட்டார்.

கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும் என்றேன் நான். "ஏன் அப்படி ஆகுது?" என்றார். நல்ல கேள்வி. யோசித்துச் சொன்னேன். மறுபடி யோசித்தேன். சார் கண்ணைத் திறந்துவிட்டார். பாதி மார்க்.

எங்கள் துறைத் தலைவரிடம் ஓடினேன். "அவரு பசங்களுக்கு நான் போட்ட மார்க்க அவரு கேக்கல. நான் எப்படிம்மா அவரக் கேக்கறது?" என்றார். நேராக ஹிஸ்டரி சாரிடமே போனேன்.

"சார், நான் சொன்னது சரிங்க சார்."

"சரியாத்தான் இருக்கும். ஆனா நின்னு நின்னு சொன்னியேம்மா."

"யோசிச்சேன் சார்."

"படிச்சிருந்தா எதுக்கு யோசிக்கணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒன்னு கேக்கட்டுங்களா சார்? சோழருங்க தஞ்சாவூர விட்டுட்டு எதுக்குக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்தாங்க?"

சார் முகம் மலர்ந்தது. "அது வந்து..." என்று மின்விசிறியைப் பார்த்தார். கொள்ளிடம் என்றார். இல்லை என்று தலையசைத்தார். "அதுல பல கருத்து இருக்கு..." மறுபடி நிறுத்தினார்.

"நின்னுட்டீங்களே சார். படிக்கலீங்களா?"

பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்த தமிழம்மாவுக்குப் புரையேறியது. சார் என்னை முறைத்தார். பிறகு நாற்காலியைக் காட்டினார். "உக்காரு. மொதல்லேருந்து சொல்லு. எங்க வேணாலும் நில்லு."

இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. புரியாத இடத்தில் புரியவில்லை என்றார். முடிந்ததும் பழைய மார்க்கை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "ஒன்னு மட்டும் தரமாட்டேன். வாய்க்கு."

"வச்சுக்குங்க சார்" என்றேன்.

முதல் வகுப்பு வந்தது. திருச்சிக்குப் புறப்பட்டேன். பஸ் ஏற்றிவிட வந்த தோழி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னவிட ஒரு மார்க் கம்மிடி ஒனக்கு. கெமிஸ்ட்ரில எதாவது சந்தேகம்னா லெட்டர் போடு, சொல்லித் தரேன்."