மேட்டுக்குப் பின்னால் அரை விரல்

எலும்பு ஆபரேஷனைப் பூப்பறிக்கிற வேலை என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் நர்ஸ் இடுக்கிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். சுத்தியல், ரம்பம், எலும்பைத் துளைக்கிற டிரில். பச்சைத் துணியை எடுத்துவிட்டால் தச்சுப்பட்டறையேதான். பதினெட்டு வருஷமாக அதையெல்லாம் டாக்டர்கள் கையில் எடுத்துக் கொடுக்கிறவள் அவள். எப்பேர்ப்பட்ட முரட்டுக் காலையும் அசையவிடாமல் பிடித்துக்கொள்வாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் இடுக்கி.

அன்றைக்கு மேஜையில் கிடந்தது அவள் தங்கை புருஷனின் வலது கால்.

தங்கையின் விலா எலும்பை உடைத்த கால். போன மாதம் அவன் மறுபடி அடிக்க வந்தபோது தங்கை அறைக்குள் ஓடித் தாழ்போட்டுக்கொண்டாள். அவன் கதவை உதைத்தான். பலகை உடைந்து பாதம் மாட்டிக்கொண்டது. வெறியில் உடம்பைத் திருப்பினான். முட்டிக்குள் தசைநார் பட்டென்று அறுந்தது. மாடிப்படியில் விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் கூசாமல் புளுகினான், படுபாவி! காலையில் வார்டில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையிடம் சொன்னதை இடுக்கி தன் காதாலேயே கேட்டாள்.

"கால் சரியாகட்டும், அப்புறம் இருக்குடி உனக்கு."

நோயாளி உறவு என்று தெரிந்தால் ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இடுக்கி மூச்சுவிடவில்லை.

மயக்கத்தில் வாயைப் பிளந்து கிடந்தான். அறுந்ததற்குப் பதிலாக வைக்க, புது சர்ஜன் தொடையிலிருந்து ஒரு நாரை உருவி எடுத்தார். இனி தொடை எலும்பில் துளைபோட்டு அதை மாட்டவேண்டும். கேமரா முட்டிக்குள் போனதும் எலும்பின் உள்சுவர் டிவியில் தெரிந்தது. அதன் பின்விளிம்பைக் கண்டுபிடித்து, அதை ஒட்டித்தான் துளைபோடவேண்டும். ஆனால் பாதி வழியில் ஒரு பொல்லாத மேடு குறுக்கே நிற்கும். புது ஆட்கள் அதையே விளிம்பு என்று நம்பி ஏமாந்துபோவார்கள். அங்கே துளை விழுந்தால் முட்டி மடங்கும்போதெல்லாம் நார் இழுபட்டு, வருஷத்துக்குள் அறுந்துவிடும். அப்படி அறுந்து திரும்பி வந்த முட்டிகளை இடுக்கி எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

சர்ஜன் மேட்டுக்கு முன்னால் குறி வைத்தார். "டிரில்."

இடுக்கிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒழியட்டும்! நொண்டட்டும்! வாயைத் திறக்காமல் டிரில்லைக் கொடுத்தால் போதும். கை நீண்டது. பாதியில் நின்றது. கால் போனாலும் இந்த நாய்க்குக் கை இருக்கிறதே! வேலை வெட்டி இல்லாமல் வீட்டிலேயே கிடப்பான். தங்கைதான் தூக்கிச் சுமப்பாள், அடியும் வாங்குவாள்.

"டாக்டர், அது விளிம்பு இல்ல. பின்னாடி இன்னும் அரை விரல் இருக்கு."

"யாரு சர்ஜன்? நீயா, நானா?" கையிலிருந்த கொக்கிக் கம்பியை வீசியடித்தார். அது அவள் புறங்கையில் பட்டுத் தரையில் விழுந்தது. கையுறைக்குள் ரத்தம் கட்டியது. "டிரில்லைக் குடு!"

அவள் கொடுக்கவில்லை. வேறொரு கொக்கியை நீட்டினாள். "தடவிப் பாருங்க. நிஜ விளிம்புன்னா கொக்கி பின்னாடி விழும்."

திட்டிக்கொண்டே தடவினார். கொக்கி மேட்டில் ஏறி இறங்கி, இன்னும் பின்னால் போய், அங்கேதான் விழுந்தது. சர்ஜன் குறியை அங்கே மாற்றினார். எலும்புத்தூள் தெறிக்கத் துளை விழுந்தது. நார் கச்சிதமாக உட்கார்ந்தது.

வெளியே தங்கை வீங்கிய கண்ணோடு நின்றுகொண்டிருந்தாள். "என்னக்கா ஆச்சு?"

"கால் முதல்தரமா இருக்கு."

தங்கையின் முகம் வெளுத்துப்போனது.

"முழுசா கேளுடி. ஆறு வாரத்துக்குக் கக்கத்துக் கட்டை இல்லாம ஒரு அடி வைக்க முடியாது. துரத்தவும் முடியாது, உதைக்கவும் முடியாது. வெளியூர் தையல் கம்பெனியில வேலை தர்றேன்னாங்களே, அந்த ஊருக்கு இன்னைக்கே கிளம்பு."

"அவரை யாருக்கா பாத்துக்குவா?"

"நான் இருக்கேன்ல. நாளையிலேருந்து முட்டியை மடக்கி மடக்கி விடணும்." இடுக்கி வீங்கிய கையை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள். "உயிர் போற மாதிரி வலிக்கும். நல்லா கத்தட்டும். நான் பிடிச்சா அசைய முடியாது, தெரியும்ல?"