ஆரோக்கியம் என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட விதம்

இன்று சிறுமலை பஸ்ஸில் என் பள்ளித் தோழன் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். மடியில் ஒரு பெட்டி. இணையத்தில் பலர் பணம் போட்டு வெளிக்கொண்டுவந்த விளையாட்டாம், இவனும் போட்டானாம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் பாத்திரங்களாகிப் பகடை உருட்ட வேண்டும். ஞாயிறன்று இவன் வீட்டில் முதல் ஆட்டமாம்.

"இதத்தானடா மதிய இடைவேளையில விளையாண்டோம். ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். ராஜா வேஷம் எனக்கு" என்றேன்.

அவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஏலே, அம்புட்டு வருசமும் நீதான் ராஜா. நான் உன்னைய முதுகுல சுமந்த குதிர."

"அப்ப சேத்துக்க மாட்டியா?"

"குதிர எடம் காலியா இருக்கு."

ஒப்புக்கொண்டேன். ஐம்பது வயது முழங்காலோடு வீட்டில் கனைத்துப் பழகுகிறேன்.

அந்தக் காலத்தில் என்னைச் சுமந்த மற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், ஞாயிறு வந்து ஏறிக்கொள்ளலாம். எடையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.