ராமுத்தாய்க்குக் கிடைத்த பத்து நிமிடம்

நாகல் நகரில் ராமுத்தாயின் மாவு மில்லுக்குக் கோதுமை கொண்டுபோனவர்கள் வெறும் மாவோடு திரும்பியதில்லை. முந்தின நாள் சீரியலில் தப்பு யார் பேரில், கிரிக்கெட்டில் யாரை வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும், பாட்டுப் போட்டியில் எந்த நடுவருக்குக் காது சரியில்லை என்பதையெல்லாம் சேர்த்துத்தான் கொண்டுபோவார்கள். அரவைக் கூலி மாவுக்கு மட்டும்தான். மற்றது இலவசம், வேண்டாம் என்றாலும் கிடைக்கும்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ரெட்டியார்சத்திரம் பக்கத்து வெண்டைக்காய்க் காட்டிலிருந்து இருபது வயதில் இந்த மில்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் சோலைமுத்து மிளகாய் மிஷினைப் பார்த்துக்கொள்வார். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டைக் கட்டியிருப்பதால் அவருக்குப் பேசாத மனுஷன் என்று பேர். உண்மையில் அவருக்குப் பேச இடம் கிடைத்ததில்லை.

மாவு மிஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒரு டிவி நாள் முழுக்க ஓடும். மிஷின் சத்தத்தில் அதிலிருந்து ஒரு வார்த்தை காதில் விழாது. ராமுத்தாய்க்கு அது குறையாகவே படவில்லை. சத்தத்தோடு பார்த்தால் அவர்கள் சொல்வதை நம்பிவிடுவோம், சத்தமில்லாமல் பார்த்தால்தான் மூஞ்சி தெரியும் என்பது அவள் கட்சி. சீரியல் மாமியார் தூங்கி எழும்போதும் ஒட்டியாணத்தோடு எழுகிறாள், அப்புறம் இடுப்புவலி வராமல் என்ன செய்யும் என்பாள். விளையாட்டுச் செய்தி வாசிக்கிறவர் நம் ஆட்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே சிரிப்புச் சிரிக்கிறார், அந்த மனுஷன் ஆட்டத்தையே பார்க்கவில்லை என்று அடித்துச் சொல்வாள். தொட்டால் தொட்டது, பிடித்தால் பிடித்தது என்று கபடி மேல் மட்டும் மரியாதை வைத்திருந்தாள். அதிலும் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தபோது மூன்று நாள் கபடி பக்கம் திரும்பவே இல்லை.

இத்தனையையும் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டும். தொண்டை எட்டாத இடத்துக்குக் கை போகும். மூக்கின் மேல் இரண்டு விரலை வைத்தால் சீரியல் மாமியார். கண்ணுக்குக் கீழே துணி பிழிவதுபோல் பிழிந்தால், பாட்டு முடிவதற்குள் அழுகிற நடுவர். காற்றில் சதுரம் வரைந்து தலையில் அடித்துக்கொண்டால், பக்கத்தில் நின்று பார்த்ததை நம்பாமல் டிவியைக் கேட்கிற அம்பயர். கோதுமைச் சம்படத்தோடு வரிசையில் நிற்கிற பெண்களுக்கெல்லாம் இந்தப் பாஷை அத்துப்படி.

ஊரே ரசித்த இந்த வாயை ரசிக்காதவள் ஒருத்தி உண்டு. சோலைமுத்துவின் தங்கை சிவனம்மாள், சித்தையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும், “எங்க மதினி வாயெல்லாம் மில்லுக்குள்ளதான். வெளிய நாலு பேரு முன்னாடி பேசச் சொல்லுங்க பாப்போம்” என்பாள். இருபது வருஷமாகச் சொல்கிறாள். ராமுத்தாய் சிரித்து வைப்பாள். வீட்டுக்கு வந்தால் அன்றைக்குப் பாத்திரங்கள் பலமாக விழும்.

அப்படியிருக்கையில்தான் முகமது பாரூக் வந்தான். கேபிள் தொழில் செய்கிறவன், சொந்தமாக ஒரு உள்ளூர் சேனலும் வைத்திருந்தான். வீட்டுக் கோதுமையை அரைக்க வந்தவன் அரைமணி நேரம் நின்று சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் தருகிறேன், டிவியைப் பற்றி டிவியிலேயே பேசுங்கள் என்று சொல்லிவிட்டான்.

ராமுத்தாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு மூன்று பேருடைய கோதுமையை மாற்றிக் கொட்டினாள், ராகி அரைத்த சூட்டோடு பச்சரிசியைப் போட்டு ஒரு வீட்டு இடியாப்பத்தைச் சாம்பல் நிறமாக்கினாள். ஒருத்தரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிவனம்மாளுக்குத் தானே போன் போட்டு நாளையும் நேரத்தையும் இரண்டு தடவை சொன்னாள். அவளும் சொந்தக்காரர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துவிட்டாள். பாசத்தால் கூப்பிடவில்லை என்பது ராமுத்தாய்க்குத் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பதிவு. மயில்கழுத்துப் பட்டு கட்டிக்கொண்டு போனாள். மாடியில் சின்ன அறை, கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் துளி வராது. பாரூக் கையைக் காட்டினான். ராமுத்தாய் “வணக்கம்” என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்டது. முப்பது வருஷத்தில் அப்படித் தெளிவாகக் கேட்டதே இல்லை. யாரோ வேற்றாள் உள்ளே நின்று பேசியதுபோல் இருக்க, திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

நாலு தடவை முயன்றார்கள். நாலு வணக்கம்தான் தேறியது. பாரூக் போனில் ஒரு மில் சத்தத்தைத் தேடிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், அது கொசு மாதிரி கேட்டது. கடைசியில், பரவாயில்லை அக்கா, அந்த நேரத்துக்கு விளம்பரம் போட்டுக்கொள்கிறேன் என்றான்.

மில்லுக்குத் திரும்பி, பட்டுப்புடவையோடு கோதுமை மூட்டை மேல் உட்கார்ந்தாள். சிவனம்மாள் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மையாகிவிட்டதே என்று நினைத்தாள். அழுகை வந்தது, மாவு கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள். அப்போது சோலைமுத்து மிளகாய் மிஷினை நிறுத்தினார். மூக்குத் துண்டை அவிழ்த்தார். வரிசையில் நின்றவர்கள் அதற்கே ஆச்சரியப்பட்டார்கள்.

“என் தங்கச்சி சொன்னா சொல்லிட்டுப் போறா. வாய் இங்கதான் வேலை செய்யுதுன்னா கேமராவ இங்க கொண்டாரச் சொல்லு” என்று சொல்லிவிட்டு மறுபடி துண்டைக் கட்டிக்கொண்டார்.

பாரூக் கேமராவோடு வந்து நின்று தலையைச் சொறிந்தான். மிஷின் ஓடினால் ஒரு வார்த்தைகூடக் கேட்காது அக்கா, ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று கேட்டான். ராமுத்தாய் பட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“நான் டிவிய இம்புட்டு வருஷமா அப்படித்தான தம்பி பாக்குறேன். டிவில நான் வாரப்ப அவுகளும் என்னைய அப்படிப் பாக்கட்டும்.”

சுவிட்சைப் போட்டாள். மிஷின் உறுமியது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கடகடவென்று ஒரே சத்தம். பாதிப் பேர் டிவி கெட்டுவிட்டதென்று தட்டிப் பார்த்தார்கள். சத்தத்தைக் குறைத்த பிறகுதான் உள்ளே ராமுத்தாய் மூக்கில் விரல் வைத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்புறம் நாகல் நகர் வீடுகளில் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணீர் பிழிந்தபோது ஒரு வீட்டில் சிரித்தார்கள், சதுரம் வரைந்தபோது எதிர்வீட்டில் சிரித்தார்கள், விருந்தாளிகளுக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லிப் பெண்களுக்கு வாய் வலித்தது. பாரூக்குக்கு வந்த போன்களில் பாதி திட்டு. மீதிப் பாதி, அடுத்த வாரம் உண்டா என்ற கேள்வி.

சித்தையன்கோட்டையிலிருந்து மட்டும் போன் வரவில்லை. ராமுத்தாய் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினாள்.

திங்கள்கிழமை பத்து மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கி ஐந்து கிலோ கோதுமையோடு வரிசையின் கடைசியில் நின்றாள் சிவனம்மாள். எங்க ஊர் மில்லு ரிப்பேர் என்றாள். ஒருவரும் நம்பவில்லை. முறை வந்ததும் சம்படத்தை நீட்டிவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, காற்றில் மெதுவாக ஒரு சதுரம் வரைந்தாள்.

“இது என்னது மதினி? எங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் கேக்குறாக. எனக்குச் சொல்லத் தெரியல.”

ராமுத்தாய்க்கு இருபது வருஷக் கோபம் எங்கே போனதென்று தெரியாமல் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கோதுமையைக் கொட்டி, மிஷினைப் போட்டு, அது நன்றாக உறுமட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் பதில் சொன்னாள்.