பழைய விலாசம் எழுதிய உறைகள்

அகதியாய் வந்த நாட்டில், மலையில் நான் இருந்த ஊரைக் கைதூக்கியே அழித்தார்கள். எண்பதுகளில் ஒரு மாலை, நான் பாத்திரம் கழுவிய விடுதியின் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். சாப்பாடு நீட்டுகிற யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே இருக்கும் பெரிய ஊரோடு சேர்வதா? கைகள் எழும்பின. எண்ணினார்கள். பிறகு அதே கைகளை உயர்த்திப் பியர் கேட்டார்கள்.

"பனி வழிக்க அவையின்ரை வண்டி வரும். உனக்கும் நல்லதுதானே," என்றார் விடுதி முதலாளி.

இரண்டு ஊரிலும் பள்ளிக்கூடத் தெரு இருந்தது. பெயர் மாற்றிக் கழற்றப்பட்டது நான் இருந்த எங்கள் தெருவின் பலகை. அடுத்தது ஊர்ப்பலகை. கடைக்குள் இருந்த தபால் யன்னலையும் மூடினார்கள். பழைய விலாசத்துக்கும் கடிதம் வரும் என்றார் முதலாளி. நம்பினேன். என் மடத்தனம்.

ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் என் ஐயாவிடம் ஒரு கட்டு உறை இருந்தது. ஐயாவுக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். அதனால் அகதியாய் வந்த கையோடு, இருபது உறைகளில் என் விலாசத்தை நானே எழுதி அனுப்பியிருந்தேன். மாதம் ஒன்று. கடிதத்தை உள்ளே வைத்து ஒட்டினால் போதும். எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள்.

பனி வந்தது, கடிதம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டை, தபால் பிந்தும் என்று ஒரு மாதம். ஐயாவுக்கு என்னில் என்ன கோபமோ என்று அடுத்த மாதம். மூன்றாம் மாதம் ரோசம் வந்து நானும் எழுதாமல் விட்டேன்.

இன்னும் சில மாதம் போக, ஒரு ஞாயிறு மத்தியானம் ஓல்டன் நகரத்திலிருந்து என் யாழ்ப்பாணத்து ஊர்க்காரன் போன் எடுத்தான்.

"நீ உயிரோடையோடாப்பா இருக்கிறாய்?"

"ஓம். பாத்திரம் கழுவுறன்."

"பகிடி இல்லை. கொப்பற்ரை கடிதமெல்லாம் ஏதோ எழுதித் திரும்பி வந்திட்டுதாம். மனுசன் உனக்கு அந்தியேட்டி செய்ய ஐயரிட்டை நாள் கேட்டிருக்கிறார்."

என் சாவுக்கிரியைக்கு நாள். கழுவிய ஈரக்கையோடு மலையிறங்கி ஓடினேன். கீழூர்ப் பள்ளிக்கூடத் தெரு, ஏழாம் இலக்கம். என் இலக்கமும் ஏழு; கடிதங்கள் அங்கேதான் போயிருக்க வேண்டும். கதவைத் திறந்த கிழவி மரியாதையான மனுசி.

"தெரியாத பேர். ஆள் இல்லையெண்டு எழுதித் திருப்பிக் குடுத்தன். அதுதானே முறை?"

"உறையிலை ஊரின்ரை பேர் இருக்கே, வாசிக்கேல்லையோ?" என்றேன் என் அரைகுறை ஜேர்மனில்.

"அந்த ஊர் இப்ப இல்லையே."

கத்தினேனா? இல்லை. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். அகதிக்கு முதலில் படிப்பிக்கிற சொல் அதுதான். இன்றைக்கும் எரிகிறது.

மறுநாள் தந்தி அடித்தேன். உயிரோடு இருக்கிறேன், புது விலாசம் இது. ஆனால் ஐயாவை எனக்குத் தெரியும். ஒரு மாதம் போக, ஏழாம் இலக்கத்துக்கு நானே இறங்கிப் போய்த் தபால்காரரை மறித்தேன். அதே உறை. என் கையெழுத்து. உள்ளே ஐயாவின் கடிதம்.

"மோனை, தந்தி கிடைச்சுது. இன்னும் பதினொரு உறை கிடக்குது. நீ உன்ரை கையாலை எழுதினது. செத்தவன்ரை எழுத்தெண்டு எடுத்து வைச்சிருந்தன். எறிய மனமில்லை, அதிலைதான் போடுவன்."

பதினொரு மாதமும் அந்த வாசலில் போய் நின்றேன். கிழவி திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பாள். பார்க்கட்டும். உறையில் இருந்த ஊர்ப்பெயரை உரத்து வாசிக்க வைத்துத்தான், ஒவ்வொரு தடவையும் தபால்காரரிடமிருந்து கடிதத்தை வாங்கினேன்.