வயிற்றைப் பார்த்தவர்கள்

ஆதார் கார்டை நகலெடுக்க வருகிறவர்கள்கூட முதலில் வளர்மதியின் வயிற்றைத்தான் பார்த்தார்கள். செஞ்சி தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் அவள். கையில் இருக்கும் தாளை நீட்டும்போதே அவர்களுடைய கண் மேசைக்குக் கீழே இறங்கும். அந்தக் கண்களைப் பிடுங்கி மெஷினுக்குள் போட்டு மூடலாமா என்று அவளுக்குத் தோன்றும்.

எல்லாம் ஸ்கேன் சென்டரில் தொடங்கியது. புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தபோது, அந்த இடத்தில் சிலிகான் பை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். பாண்டிச்சேரியில் நடந்த ஆபரேஷன் அது. "உள்ள பை கிழிஞ்சா வலிக்காது, வெளியிலயும் தெரியாது. வருஷா வருஷம் ஸ்கேன் பாத்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். மார்பை எடுத்தது சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். பை வைத்தது புருஷன் அன்புமணிக்கு மட்டும்தான் தெரியும். அவன் இருந்தவரை பைக்கில் கூட்டிப்போய், வெளியே டீ குடித்தபடி காத்திருப்பான். திண்டிவனம் ரோட்டில் லாரி மோதி அவன் போன பிறகு அவள் தனியாகப் போனாள்.

செஞ்சியில் பொம்பளைக்கு ஸ்கேன் என்றால் பிள்ளைதான். சென்டர் பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தண்ணீரைக் குடித்துவிட்டு, அடக்க முடியாமல் காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நடுவிலிருந்து வளர்மதி எழுந்து வருவதை, அன்புமணியின் அக்கா கமலாம்பாள் எதிர் மருந்துக்கடையிலிருந்து பார்த்துவிட்டாள். வந்து ஒரு வார்த்தை கேட்காமல், வளர்மதி முழுகாமல் இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே செத்திருக்கும்.

அந்த வருஷம் திரௌபதி அம்மன் கோயிலில் பால்குடத்துக்குக் காப்புக் கட்டினார்கள். வளர்மதி கையை நீட்டினாள். பூசாரி மஞ்சள் கயிற்றைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உனக்கு இந்த வருஷம் வேணாம்மா. வாயும் வயிறுமா இருக்கறவங்க குடம் தூக்கக்கூடாது."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் வீடு வந்து சேர்ந்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தன் உடம்பை அந்த வாய்கள் மெல்வதற்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தெரு மாதக்கணக்குப் பார்த்தது. வயிறு ஏறவில்லை என்றதும், கலைத்துவிட்டாள் என்று முடித்துக்கொண்டது.

அடுத்த ஸ்கேன் தேதி வந்தது. அவள் போகவில்லை. பிறகு போகலாம், பிறகு போகலாம் என்று தள்ளினாள். குளிக்கும்போது அக்குள் பக்கம் கட்டியாக ஏதோ விரலில் தட்டுப்பட்ட அன்றுதான் கடையைச் சாத்திவிட்டு ஸ்கேன் சென்டருக்குப் போனாள்.

பெஞ்சில் கமலாம்பாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய மருமகள் பிரீத்தி, மடியில் தண்ணீர் பாட்டிலோடு.

"இன்னாடி, மறுபடியுமா?"

"ஆமா அண்ணி."

"ஆமான்னு வேற சொல்றா பாரு. பையனா பொண்ணான்னு கேட்டுட்டியா?"

"அத சொல்லக்கூடாதுன்னு செவுத்துல எழுதியிருக்குது. படிக்கத் தெரியாதா உனக்கு?"

பிரீத்தி குனிந்து பாட்டில் மூடியைத் திருகினாள்.

உள்ளே ஜெல் சில்லென்று இருந்தது. உதவிக்கு நின்ற பெண் திரையைப் பார்த்துவிட்டு, "ஏய், இத வந்து பாருடி" என்று பக்கத்து அறைக்குக் குரல் கொடுத்தாள். டாக்டர் அமலா திரும்பாமலே, "கதவ சாத்து" என்றார். கருவியை அக்குள் வரை மெல்ல நகர்த்தினார்.

"போன தடவ ஏன் வரல?"

"பெஞ்சுல உக்கார முடியல டாக்டர்."

"எடம் இல்லையா?"

"எடம் இருந்துச்சு."

டாக்டர் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். "பை கிழிஞ்ச மாதிரி தெரியுது. உள்ள இருந்தது அக்குள் பக்கம் கசிஞ்சிருக்கு. எம்.ஆர்.ஐ. எடுத்தா உறுதியாயிடும். ஆபரேஷன் பண்ண எடத்துக்கே போங்க, மாத்திடுவாங்க. உயிருக்கு பயமில்ல. நேரத்துக்கு வந்திருந்தா இவ்வளவு தூரம் பரவ விட்டிருக்க மாட்டோம்."

கொடுத்த பஞ்சு போதவில்லை. பிசுபிசுப்போடு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சு முழுவதும் அவள் வயிற்றைப் பார்த்தது.

"நல்லா பாத்துக்கோங்க" என்றாள். "வயித்துல ஒண்ணும் இல்ல. அன்னைக்கும் இல்ல. மார எடுத்த எடத்துல பை வெச்சிருக்குது அண்ணி. அது கிழிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் வரேன். இப்ப கிழிஞ்சிருச்சு. உங்க வாய்க்கு பயந்துகிட்டு வராம இருந்தேன்."

கமலாம்பாள் தலை குனிவாள் என்று வளர்மதி எதிர்பார்த்தாள்.

"அவனே போயிட்டான்" என்றாள் கமலாம்பாள். "இன்னும் அத யாருக்குக் காட்ட வெச்சினு இருக்க? எடுத்துப் போட்டுட்டு சும்மா இரேன்." பிறகு எழுந்து கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "நெசமாவே வித்தியாசம் தெரியலயேடி." சந்தையில் கத்தரிக்காய் முற்றலா என்று பார்ப்பதைப் போல இரண்டு விரலால் அவள் மார்பை அமுக்கிப் பார்த்தாள்.

வளர்மதி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"உன் மருமவள பாரு. அடக்கிக்கினு உக்காந்திருக்குது பாவம்."

வாசலில் ஒரு குழாய் இருந்தது. ஜெல் கழுத்துவரை ஒட்டியிருந்தது. அதை அவள் கழுவவில்லை. கமலாம்பாளின் விரல் பட்ட இடத்தில் மட்டும் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றி, துணி நைந்துபோகிற மாதிரி தேய்த்தாள். போதவில்லை. அந்த ஈரத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அங்கே நின்றவர்கள் யாரும் இப்போது வயிற்றைப் பார்க்கவில்லை. கண்கள் மேலே ஏறியிருந்தன. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளாமல், பாண்டிச்சேரி பஸ் எது என்று அவர்களிடமே கேட்டு ஏறி உட்கார்ந்தாள்.