அரை நூல்

தேயிலை ஃபாக்டரியில் பழைய கடைசல் லேத்தை இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே போய்க் கேட்டு வாங்கிவிட்டேன். பதினேழு வருஷம் அந்த ஃபாக்டரியில் இலை அள்ளியவள் நான். ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டிப் பெண்களை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்றபடி, இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆசை வர அது போதாதா?

வாங்கிய பிறகு பயம் வந்தது. எனக்கு எதற்கும் பயம் வரும். காந்தலில் எங்கள் வீடு ரோட்டிலிருந்து நாற்பது படி கீழே. லேத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி, மூங்கிலில் கட்டி, நாலு பேர் இறக்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் யார் கால் நசுங்குமோ என்று கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் கான்கிரீட் போட்டு அதை நிறுத்தினோம். ரசமட்டத்தை வைத்து, பிஸ்கட் டின் தகட்டை வெட்டி அடியில் சொருகிச் சொருகி, குமிழி நடுவில் வந்து நிற்க ஐந்து நாள் ஆனது. சுவிட்சைப் போடுமுன், இரும்பைக் கவ்வும் சக்கில் சாவியை விட்டுவிட்டேனா என்று மூன்று முறை பார்ப்பேன். மறந்து ஓட்டினால் சாவி பறந்து வந்து மண்டையைப் பிளக்கும் என்று கேள்வி.

அண்ணன் குன்னூரில் லேத் ஓட்டும் டர்னர். ஐடிஐ படித்தவர். நான் ஏழாவதோடு நின்றவள். வந்து பார்த்துச் சிரித்தார்.

"ஏம்புள்ள, இது வெள்ளைக்காரன் காலத்து மிஷினு. நீ பல்லி விழுந்தாப் பஞ்சாங்கம் பாக்கறவ. நீயா இத ஓட்டப் போற?"

"பாத்துப் பாத்துத்தானுங்ணா ஓட்டுவேன்."

"வெரலு போச்சுன்னா யாரு பாக்கறது?"

கேரட் தோட்டக்காரர் ஒருவருக்குக் கழுவும் மிஷினின் உருளைக்கு ஒரு பின் தேவைப்பட்டது. அந்த வேலையை அண்ணன் எனக்குப் பரீட்சையாக வைத்தார். ஒரு இரும்புக் கம்பியையும், பின் போய் உட்கார வேண்டிய புஷ் வளையத்தையும் கையில் கொடுத்தார்.

"கம்பியில அரை நூல் கொறச்சாப் போதும். ஞாயித்துக்கெழம வருவேன். சேரலைன்னா மிஷினு மேட்டுப்பாளையம் இரும்புக் கடைக்குப் போயிரும். சரியா?"

"சரிங்ணா" என்றேன். யாரிடமும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் பக்கத்து ஆசாரிக்கும் ஃபிட்டருக்கும் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. உளியை உள்ளே தள்ளும் கைப்பிடியில் கோடுகள் உண்டு; ஒரு கோடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அரை நூலுக்கு அறுபத்திரண்டரைக் கோடு. எண்ணத் தெரியும். தடிமனை அளக்கும் காலிப்பரில் வரும் தசமத்தைப் பார்த்தால்தான் கணக்கு வாத்தியார் முன்னால் நிற்பதுபோல் இருக்கும். அதனால் காலிப்பரைத் தொடாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து, கோடுகளை மட்டும் எண்ணினேன். ஒன்றுக்கு மூன்று தடவை.

ஞாயிறு காலை அண்ணன் பிக்கப் வண்டியோடும் மூன்று ஆட்களோடும் வந்தார். பின்னைப் புஷ்ஷில் விட்டார். அது மறுபக்கம் வழுக்கித் தரையில் விழுந்தது.

"அரை நூல்னா ஒரு நூலை எடுத்து வெச்சிருக்கறா. கழட்டுங்கப்பா."

டீ வைக்க அடுப்படிக்குப் போனேன். பால் காய்வதற்குள் கை சும்மா இருக்கவில்லை. மதியத்துக்கு எடுத்து வைத்த கேரட்டைச் சீவினேன். முழுக்கச் சுற்றிச் சீவியதும் அது மெலிந்து கிடந்தது. இந்தப் பக்கம் ஒரு தோல், அந்தப் பக்கம் ஒரு தோல். கத்தி இறங்குவது ஒரு தோல் ஆழம்தான், கேரட் இளைப்பது இரண்டு தோல். கம்பியும் சுற்றுகிறது. உளி அரை நூல் உள்ளே போனால், கம்பி இரண்டு பக்கமும் அரை அரை நூல் இழக்கும். நான் எண்ணியது சரி, பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும்.

கொட்டகைக்கு ஓடினேன். அதற்குள் இரண்டு போல்ட்டைக் கழற்றியிருந்தார்கள்.

"கையை எடுங்க" என்றேன்.

"பேசுனது பேசுனதா இருக்கோணும்" என்றார் அண்ணன்.

"தோத்தது தோத்ததுதானுங்ணா. ஆனா மிஷினு போகாது."

"அன்னைக்குச் சரின்னயில்ல?"

"அன்னைக்குச் சொன்னேன். இப்ப இல்லைங்கறேன்."

ஆட்களில் ஒருவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "ஏனுங்கக்கா, ஏத்தறதா வேண்டாமா? குளுருல வெரலு வெறச்சுக் கெடக்குது."

"வேண்டாமுங்க. அடுப்புல டீ இருக்குது, ஊத்திக் குடிங்க."

இரண்டு போல்ட்டையும் நானே முடுக்கினேன். மீதிக் கம்பியைச் சக்கில் மாட்டினேன். நாலு ஆண்கள் கிளாஸும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தொன்றேகால் கோடுதான் கணக்கு. ஐந்து கோட்டுக்கு ஒருமுறை மிஷினை நிறுத்திக் காலிப்பரையும் வைத்தேன். தசமத்தை வாய்விட்டுப் படித்தேன். தப்பாகப் படித்தால் சிரிக்கட்டும்.

பின்னை அண்ணனிடம் தரவில்லை. நானே புஷ்ஷில் வைத்தேன். முனையில் நின்றது. கட்டைவிரலால் அழுத்தியதும் இறுக்கமாக உள்ளே போனது.

அண்ணன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கொறையும்னு ஐடிஐல மொத நாளே சொல்லிக் குடுத்துருவாங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியாம?"

"நீங்க சொல்லலையே."

அவர் பின்னைச் சட்டைப் பைக்குள் போடப் போனார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். பிக்கப் காலியாகப் போனது.

மதியமே தோட்டத்துக்கு நடந்து போய்ப் பின்னைக் கொடுத்தேன். மாட்டிப் பார்த்தவர், "உங்கண்ணன் கடைசலுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "என்னுது."